குப்பையிலிருந்து பின்னோக்கி: சுழற்சிப் பொருளாதார ஆய்வுகள் இப்போது எங்கே பார்க்கின்றன?

போன மாதம் எங்கள் வீட்டு மிக்ஸி நின்றுவிட்டது. காலையில் சட்னி பாதி அரைபட்டிருக்கும்போது ஒரு கருகல் வாடை, அப்புறம் சத்தமே இல்லை. அயனாவரம் கடைத்தெருவில் ஒரு ரிப்பேர் கடை இருக்கிறது. இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும். அங்கே தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் அடிப்பக்கத்தில் இருந்த 4 ஸ்க்ரூவையும் கழற்றி, உள்ளே ஒரு ஊது ஊதி, விரலால் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“காயில் நல்லாத்தான் இருக்கும்மா. கார்பன் தேஞ்சுபோச்சு, கப்ளர் பல்லும் போயிடுச்சு. அரை மணி நேரம் கழிச்சு வாங்க.”

180 ரூபாய். 11 வருட மிக்ஸி மறுபடி ஓடுகிறது. நான் திரும்பி வந்தபோது அவருடைய மேசையில் இன்னொரு மிக்ஸி விரிசல் விட்டுக் கிடந்தது. வாங்கி 2 வருடம்தான் ஆகிறதாம். “இதுல ஸ்க்ரூவே இல்லம்மா, ஒட்டி வெச்சிடறாங்க. உடைச்சாத்தான் திறக்கும். உடைச்சா அப்புறம் எங்க மூடறது?” என்றார். உள்ளே கெட்டுப்போயிருந்ததும் ஒரு சின்னச் சாமான்தான், ஆனால் மிக்ஸி முழுவதும் எடைக்குப் போகும்.

பொருளைக் குப்பையாக்காமல் திரும்பத் திரும்பப் பயன்பாட்டில் வைத்திருப்பது எப்படி என்று பார்க்கிற, சுழற்சிப் பொருளாதாரம் என்று உலகம் முழுக்கப் பேசப்படுகிற துறை (வட்டப் பொருளாதாரம் என்றும் சொல்கிறார்கள்) கடந்த 10, 15 வருடங்களில் மெல்ல நகர்ந்து வந்து நிற்கிற இடம் அந்த ஸ்க்ரூதான். முன்பு ஆய்வாளர்கள் குப்பைமேட்டின் ஓரத்தில் நின்று, வந்து விழுந்ததில் எவ்வளவைத் திரும்ப எடுக்கலாம் என்று கேட்டார்கள். இப்போது அங்கிருந்து பின்னோக்கி நடக்கிறார்கள். இந்தப் பொருள் ஏன் இவ்வளவு சீக்கிரம் இங்கே வந்தது? திறக்க முடியாதபடி செய்தது யார்? இவ்வளவு வாங்கத்தான் வேண்டுமா? வாங்கியதன் சுமையைத் தூக்குகிறவர் யார்? சென்னையில் வாழ்கிறவர்களுக்கு இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தெருவின் பெயர் நினைவுக்கு வரும்.

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பழைய பட்டுப்புடவையின் ஜரிகைக்குப் பணம், பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம், பேப்பருக்குக் கிலோ கணக்கில் காசு. பித்தளைக்கு ஈயம் பூசவும் கத்திக்குச் சாணை பிடிக்கவும் அம்மி கொத்தவும் ஆட்கள் தெருத்தெருவாக வருவார்கள். புதுப்பேட்டையில் பழைய வண்டியைப் பிரித்தால் கதவு கதவாகவே விற்கும், கியர்பாக்ஸ் கியர்பாக்ஸாகவே விற்கும். ரிச்சி தெருவில் செத்துப்போன போர்டிலிருந்து உயிரோடு இருக்கும் சிப்பை எடுத்து இன்னொன்றில் வைப்பார்கள். மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டை இடித்தால் தேக்குக் கதவும் ஜன்னலும் தூணும் விலை பேசி முடிந்த பிறகுதான் கடப்பாரை இறங்கும். இதையெல்லாம் யாரும் கொள்கை என்று சொல்லிச் செய்யவில்லை. பொருளுக்கு விலை இருந்தது, மனிதருக்குக் கைத்திறன் இருந்தது, இரண்டும் சேர்ந்து பொருளைச் சுற்ற விட்டன.

கோட்பாடு வேறு வழியாக வந்தது. பூமியை எல்லையில்லாத மேய்ச்சல் நிலமாக நினைப்பதை விட்டு, ஒரு விண்கலம் போல, உள்ளே இருப்பதை வைத்தே வாழவேண்டிய இடமாகப் பார்க்கவேண்டும் என்று பொருளாதார அறிஞர் கென்னத் போல்டிங் 1966இல் எழுதினார். 10 வருடம் கழித்து, 1976இல், சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் வால்டர் ஸ்டாஹேல் தன் சக ஆய்வாளர் ஜெனெவியேவ் ரெடேயோடு சேர்ந்து ஐரோப்பிய ஆணையத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். காரையும் கட்டடத்தையும் எடுத்துக்கொண்டு அவர்கள் சொன்னது இது: புதிதாகச் செய்வது அதிக எரிசக்தியையும் குறைந்த ஆட்களையும் கேட்கிறது, பழையதைச் சரிசெய்து ஆயுளை நீட்டுவது அதிக ஆட்களையும் குறைந்த எரிசக்தியையும் கேட்கிறது. அயனாவரத்துக் கடைக்காரர் அரை மணி நேரத்தில் செய்தது அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதி.

ஸ்டாஹேல் பிற்பாடு ஒரு விதியும் வகுத்தார். உடையாததைச் சரிசெய்யாதே, சரிசெய்யக்கூடியதைப் பிரித்துப் புதிதாகக் கட்டாதே, பிரித்துக் கட்டக்கூடியதை உருக்காதே. வட்டம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு லாபம். மிக்ஸி மிக்ஸியாகவே இருந்தால் அதைச் செய்யச் செலவான உழைப்பு, செம்பு, மின்சாரம் எல்லாம் அப்படியே நிற்கும். உருக்கினால் செம்பு மட்டும்தான் மிஞ்சும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2017இல் இதையே 10 படி ஏணியாக்கினார்கள். மேல்படி, அந்தப் பொருளே வேண்டாம் என்பது. அதற்குக் கீழே குறைத்தல், மறுபடி பயன்படுத்துதல், பழுதுபார்த்தல் என்று இறங்கும். மறுசுழற்சி கடைசிக்கு முந்தைய படி. எரித்து வெப்பம் எடுப்பது கடைசிப் படி.

அரசுகள் பிடித்துக்கொண்டதோ கீழ்ப்படிகளைத்தான். ஜப்பான் 2000இல் ஒரு அடிப்படைச் சட்டம் கொண்டு வந்தது. சீனா 2008இல் சுழற்சிப் பொருளாதாரத்துக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2015லும் 2020லும் செயல்திட்டங்கள் போட்டது. இவற்றில் பெரும்பகுதி கழிவைப் பற்றியது. ஆய்வும் பின்னாலேயே போனது. 2017இல் ஜூலியன் கிர்ஷ்ஹெர் உள்ளிட்ட மூவர் சுழற்சிப் பொருளாதாரத்துக்கு எழுதப்பட்டிருந்த 114 வரையறைகளைத் திரட்டி ஒப்பிட்டார்கள். நுகர்வோர் பல வரையறைகளில் கண்ணிலேயே படவில்லை. சமூக நீதியும் அரிதுதான். வாங்குகிறவரும் இல்லை, சுமக்கிறவரும் இல்லை, பொருள் மட்டும் தானாகச் சுற்றுவது போல ஒரு சித்திரம். 2023இல் கிர்ஷ்ஹெர் வேறு சிலரோடு சேர்ந்து மறுபடி திரட்டியபோது 221 வரையறைகள் கிடைத்தன. துறை வளர்ந்த வேகத்துக்கு இது ஒரு சாட்சி. முதல் கணக்கெடுப்பில் தெரிந்த ஓட்டைகளை அடைப்பதுதான் அதன் பிறகு வந்த ஆய்வுகளில் பெரும்பகுதியின் வேலையாக இருந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

அந்த மாற்றத்தைத் தூண்டிய எண்கள் கொஞ்சம் கலங்க வைப்பவை. உலகப் பொருளாதாரத்துக்குள் போகிற மொத்தப் பொருளில் மறுசுழற்சியாகி வருவது எவ்வளவு என்று நெதர்லாந்து அமைப்பு ஒன்று தொடர்ந்து கணக்கிடுகிறது. 2018 அறிக்கையில் அது 9.1 சதவீதம். 2023இல் 7.2. 2025இல் 6.9. இத்தனை மாநாடு, இத்தனை சட்டம், இத்தனை ஆய்வுக்குப் பிறகும் விகிதம் இறங்கியிருக்கிறது. மறுசுழற்சி குறையவில்லை. மண்ணிலிருந்து எடுப்பது அதைவிட வேகமாக ஏறிவிட்டது. 1970இல் உலகம் எடுத்த மண், கல், தாது, எரிபொருள், பயிர் எல்லாம் சேர்த்து சுமார் 3,000 கோடி டன். இப்போது 10,000 கோடி டன்னைத் தாண்டிவிட்டது என்கிறது ஐ.நா.வின் பன்னாட்டு வளக் குழு. அதில் பெரும்பகுதி இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று எரிந்துபோகிறது, எரிந்த நிலக்கரியைச் சுழற்ற முடியாது. இன்னொன்று கட்டடமாக, பாலமாக, மெட்ரோ தூணாக நின்றுவிடுகிறது. பழைய மாமல்லபுரம் சாலையில் எழும்பியிருக்கும் அடுக்குமாடிகளில் போன ஜல்லியும் கம்பியும் இன்னும் 50 வருடத்துக்குத் திரும்பி வராது. இடிக்கிற வீட்டைவிடக் கட்டுகிற வீடு பலமடங்கு பெரிதாக இருக்கும்வரை, இடிபாட்டைக் கடைசிக் கல் வரை மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவந்தாலும் மலையை உடைப்பது நிற்காது.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு மறுசுழற்சியை மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது.

நிலையான நுகர்வும் உற்பத்தியும் என்று ஒரு தனிப் பாதை ஐ.நா.வில் 1992 ரியோ மாநாட்டிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. 1994இல் ஆஸ்லோவில் அதற்கு ஒரு வரையறை கிடைத்தது. 2015இல் வளர்ச்சி இலக்குகளில் 12ஆவது இலக்காக அது உட்கார்ந்தது. நீண்ட காலம் சுழற்சிப் பொருளாதாரம் பொறியாளர்களின் பேச்சாகவும், நுகர்வு சமூகவியலாளர்களின் பேச்சாகவும் தனித்தனியாக இருந்தன. இப்போது இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கின்றன. அதில் மிகவும் சூடான வார்த்தை ‘போதும்’. ஒரு மனிதர் கௌரவமாக வாழ எவ்வளவு பொருள் போதும், எவ்வளவுக்கு மேலே போனால் அடுத்தவர் பங்கில் கைவைப்பதாகிவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஐ.நா. வளக் குழுவின் 2024 அறிக்கைப்படி, பணக்கார நாட்டில் ஒரு ஆள் செலவழிக்கும் பொருள், ஏழை நாட்டில் ஒரு ஆள் செலவழிப்பதைப்போல் 6 மடங்கு. அந்த இடைவெளி நாடுகளுக்கு நடுவில் மட்டும் இருப்பதில்லை. வியாசர்பாடியில் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் குப்பைக்கும், நீச்சல் குளம் வைத்த குடியிருப்பில் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் குப்பைக்கும் உள்ள வித்தியாசத்தைத் துப்புரவு வண்டி தள்ளுகிற எந்த அக்காவிடம் கேட்டாலும் சொல்வார்.

மஞ்சப்பை விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஆய்வு நம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிற பொருளையே தொடுகிற இடம் அது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ வந்தது. கோயம்பேடு மார்க்கெட்டில் காசு போட்டால் பை தருகிற இயந்திரம்கூட வைத்தார்கள். துணிப்பை நல்லது என்று நாம் எல்லாரும் நம்புகிறோம். டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018இல் ஒரு கணக்கு வெளியிட்டது. கடையில் தருகிற பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டால், சாதாரணப் பருத்திப் பையைக் குறைந்தது 52 தடவை பயன்படுத்தினால்தான் பருவநிலைப் பாதிப்பில் இரண்டும் சமமாகும். தண்ணீர், ஓசோன் என்று எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்து, அதில் மிக மோசமானதைப் பிடித்துக் கணக்கிட்டால் 7,100 தடவை. ரசாயன உரம் போடாத பருத்தியானால் 20,000.

இந்த எண் பத்திரிகைகளில் வந்தபோது துணிப்பையே மோசடி என்று எழுதியவர்கள் உண்டு. அது அவசரம். அந்தக் கணக்கு பையைப் பருத்தி வயல் முதல் எரி உலை வரை பின்தொடர்கிறது. டென்மார்க்கில் பிளாஸ்டிக் பை கடைசியில் குப்பைத்தொட்டிக்கு உறையாகி, எரி உலைக்குப் போய் வெப்பம் தருகிறது. ஓட்டேரி நல்லாவிலோ பக்கிங்காம் கால்வாயிலோ அடைத்துக்கொண்டு மழைத் தண்ணீரைத் தெருவுக்குத் திருப்புகிற பை அந்தக் கணக்கில் இல்லை. மாட்டின் வயிற்றில் கிடக்கிற பையும் இல்லை. ஆனாலும் அந்த 52 என்ற எண்ணை நாம் மதிக்கவேண்டும். கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்த பை, கடைத் திறப்பு விழாவில் கொடுத்த பை, மாநாட்டுப் பை என்று என் வீட்டுப் பரணில் 30க்கு மேல் கிடக்கின்றன. வாரம் ஒரு தடவை காய்கறிக்கு எடுத்துப் போகிற ஒரே ஒரு பழைய பைதான் வருடம் முடிவதற்குள் அந்த எண்ணைத் தொடும். மஞ்சப்பை நல்லதாவது துணியால் ஆனதால் மட்டும் நடப்பதில்லை, கிழிகிறவரை தூக்கிப்போவதால் நடக்கிறது. ஒரு பொருளின் தாக்கம் அதன் மூலப்பொருளில் எவ்வளவு இருக்கிறதோ அதே அளவு அதைப் பயன்படுத்துகிற பழக்கத்திலும் இருக்கிறது என்பதுதான் வாழ்நாள் கணக்கு ஆய்வுகள் இப்போது வந்து சேர்ந்திருக்கிற இடம். ஊருக்கு ஊர் பழக்கம் வேறு. அதனால் கோபன்ஹேகன் எண்ணைக் கோயம்பேட்டுக்கு அப்படியே இறக்க முடியாது. நம் எண்ணை நாம்தான் எடுக்கவேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு ஆய்வுப் போக்கு மீள்விளைவு. 1865இல் வில்லியம் ஜெவன்ஸ் நிலக்கரியைப் பற்றிக் கவனித்தது: எந்திரம் சிக்கனமானதும் நிலக்கரி மிச்சமாகவில்லை, எந்திரங்கள் பெருகி நிலக்கரி அதிகம் செலவானது. 2017இல் ட்ரெவர் ஜிங்க், ரோலண்ட் கெயர் இருவரும் இதைச் சுழற்சிப் பொருளாதாரத்துக்குப் பொருத்தினார்கள். மறுசுழற்சியான பொருள் சந்தைக்கு வந்தால் புதுப் பொருள் அதே அளவுக்குக் குறையும் என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறோம். பல நேரம் அப்படி நடப்பதில்லை. விலை இறங்கி, மொத்த விற்பனை கூடுகிறது, பழையதும் புதியதும் சேர்ந்தே விற்கின்றன. பழைய செல்போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் மனம் லேசாகி அடுத்த போனை ஒரு வருடம் முன்னதாகவே வாங்கிவிடுகிறோம். உலகத்தில் 2022இல் மட்டும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்.

கேன் தண்ணீர் எனக்கு இந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. சென்னையில் மிக நன்றாக ஓடுகிற மறுபயன்பாட்டு ஏற்பாடு எது என்று கேட்டால், 20 லிட்டர் கேன் என்றுதான் சொல்வேன். டெபாசிட் கட்டுகிறோம். காலி கேனை வாசலில் வைத்தால் நிறைந்த கேன் மூன்றாம் மாடிக்கு வந்துவிடும். அந்தத் தம்பி தோளில் ஒன்று, கையில் ஒன்று என்று ஏறுவார். கேனின் பக்கவாட்டைப் பார்த்தால் எத்தனை தடவை சுற்றியிருக்கிறது என்று கீறல்களே சொல்லும். ஐரோப்பாவில் பாட்டிலைத் திரும்ப வாங்கச் சட்டம் போட்டுச் செய்வதை இங்கே எந்தச் சட்டமும் இல்லாமல் தெருமுனைக் கடைகள் செய்கின்றன. கேன் என்கிற பாத்திரத்தைப் பார்த்தால் அழகான வட்டம். உள்ளே இருக்கிற தண்ணீரைப் பார்த்தால் நேர்கோடு: திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்து ஊர்களின் நிலத்தடியிலிருந்து உறிஞ்சி, லாரியில் ஏற்றி, குடித்து, சாக்கடைக்கு அனுப்புகிற கோடு. எங்கே எல்லைக்கோடு போட்டு அளக்கிறோமோ அதைப் பொறுத்து ஒரே பொருள் சுழற்சியாகவும் சூறையாடலாகவும் தெரியும். அளவீட்டு ஆய்வுகள் பெரிய கவலையோடு பேசுகிற பிரச்சினை இது. 2024இல் சுழற்சித்தன்மையை அளக்கவே சர்வதேச தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ்.ஓ. 59000 வரிசையில் புதிய தர நெறிகளை வெளியிட்டதற்கும் இதுதான் பின்னணி.

அதே தண்ணீரில் சென்னை இன்னொரு வழியையும் காட்டியிருக்கிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை மறந்திருக்க மாட்டோம். அந்த வருடமே கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை மூன்றாம் கட்டமாகச் சுத்திகரித்து, எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) வழியாக வடிக்கிற நிலையங்கள் வந்தன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். கொடுங்கையூர்த் தண்ணீர் மணலி ஆலைகளுக்கும், கோயம்பேட்டுத் தண்ணீர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் போகின்றன. ஆலை குடிக்கிற நல்ல தண்ணீரைக் கழிவுநீர் விடுவிக்கிறது. டென்மார்க்கின் கலுண்ட்போர்க் நகரில் 1970களிலிருந்து ஒரு ஆலையின் நீராவியும் கழிவும் பக்கத்து ஆலையின் மூலப்பொருளாவதை இந்தத் துறையின் பாடப்புத்தகங்கள் எல்லாம் காட்டும். மணலிக்கு அந்த வரிசையில் உட்காரத் தகுதி இருக்கிறது.

தொழில்நுட்பம் வட்டத்தை மூடுவதற்கு விலை உண்டு என்பதற்குத் திருப்பூரைப் பார்க்கவேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நொய்யலைக் கெடுத்த சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அப்புறம் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத முறை அங்கே வேரூன்றியது. தண்ணீரும் உப்பும் மறுபடி சாயத்தொட்டிக்கே போகின்றன. உலக அளவில் பேசப்படும் சாதனை அது. அதே நேரம் கடைசி உப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்க ஆகிற விறகும் மின்சாரமும், எதற்கும் உதவாமல் மூட்டை மூட்டையாகச் சேர்கிற கலப்பு உப்பும் அந்தச் சாதனையின் மறுபக்கம். நம் ஊரிலேயே குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் பதனிடும் ஆலையிலிருந்து வந்தது. தோல் எடுத்துக்கொள்ளாத குரோமியம் தண்ணீரோடு போய்விடாமல் மீட்பது எப்படி என்று அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளாக வேலை செய்திருக்கிறது. மீட்பதைவிட ஆரம்பத்திலேயே குறைவாகப் போடுவது எப்படி என்பதும் அவர்களுடைய ஆய்வுதான். பின்னோக்கிய நடை அங்கேயும் தெரிகிறது.

பிளாஸ்டிக்கிலும் நாம் முன்னோடிகள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்டுபிடித்த முறையில், 2002இல் நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் தாரோடு பிளாஸ்டிக் கழிவு கலந்து சாலை போட்டார்கள். மழைக்குத் தாங்கி நின்ற சாலை. அந்தப் பெருமையைக் குறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஏணியில் அதன் இடத்தையும் சொல்லவேண்டும்: சாலைக்குள் போன பை மறுபடி பையாக வராது, அடுத்த பைக்குப் புது எண்ணெய்தான் வேண்டும். 2015 வரை உலகம் செய்த 830 கோடி டன் பிளாஸ்டிக்கில் கழிவானது 630 கோடி டன். மறுசுழற்சிக்குப் போனது அந்தக் கழிவில் 9 சதவீதம்தான்.

பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதை ஒட்டியே பெருங்குடிக் குப்பைமேடு. அங்கேயும், சுமார் 340 ஏக்கரில் கிடந்த கொடுங்கையூரிலும் பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, மண்ணைத் தனியாகவும் எரியக்கூடியதைத் தனியாகவும் பிரிக்கிறார்கள். எரியக்கூடியது சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. நிலம் மீள்வது பெரிய விஷயம். ஆனால் கொடுங்கையூரில் எரி உலைத் திட்டம் பேசப்பட்டதும் வட சென்னை மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மணலி, எண்ணூர்ப் புகையைத் தலைமுறையாகச் சுவாசித்தவர்கள் அவர்கள். ஊரே வாங்கித் தூக்கிப்போட்டதை இவர்கள் மூச்சுக்காற்றில் ஏன் எரிக்கவேண்டும் என்ற அவர்களுடைய கேள்விக்கு, டன் கணக்கு மட்டும் பார்க்கிற எந்த ஆய்விலும் பதில் இருக்காது. எரி உலைக்கு இன்னொரு குணமும் உண்டு. கட்டியதும் 20, 25 வருடத்துக்குத் தினமும் அதற்குத் தீனி வேண்டும். குப்பையைக் குறைக்க நினைக்கிற நகரத்தை அது பின்னால் இழுக்கும். இந்தப் பூட்டைப் பற்றி ஐரோப்பிய நகரங்களின் அனுபவத்தை வைத்து நிறைய எழுதியிருக்கிறார்கள்.

சுமக்கிறவர் யார் என்பது கடந்த சில வருடங்களில் மிக வேகமாக வளர்ந்திருக்கிற ஆய்வுத் தடம். எனக்கு நெருக்கமானதும் அதுதான். இந்தியாவில் மறுசுழற்சிக்குப் போகிற பிளாஸ்டிக்கில் பெரும்பங்கைத் தொடுகிற முதல் கை குப்பை பொறுக்குகிறவருடைய கை. அவரிடமிருந்து காயலாங்கடை, அங்கிருந்து தரம் பிரிக்கிற கிடங்கு, அங்கிருந்து அரைக்கிற ஆலை. 1989இல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா என்ற தன்னார்வ அமைப்பு, சென்னையில் அந்தக் கைகளுக்குத் ‘தெரு அழகுபடுத்துபவர்’ என்று பெயர் கொடுத்து, மூன்று சக்கர வண்டி கொடுத்து, வீட்டு வாசலுக்கு அனுப்பியது. நாட்டுக்கே முன்மாதிரியாகப் பேசப்பட்ட முயற்சி அது. இன்று உற்பத்தியாளர் பொறுப்பு என்ற பெயரில் பிளாஸ்டிக் செய்கிறவர், விற்கிறவர் அதைத் திரும்ப எடுத்ததற்குச் சான்றிதழ் காட்டவேண்டும் என்று விதி இருக்கிறது. சான்றிதழ் ஆலையின் பெயரில் வருகிறது. பொறுக்கியவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். சுழற்சிப் பொருளாதாரம் வேலை தரும் என்று அறிக்கைகள் எல்லாம் சொல்கின்றன. எப்படிப்பட்ட வேலை, யாருக்கு, எந்தச் சம்பளத்தில் என்று கேட்கிற ஆய்வுகள் இன்னும் நிறைய வரவேண்டும். ஈய பேட்டரியைப் பாருங்கள். உலகத்தில் மிக அதிகமாக மறுசுழற்சியாகிற பொருட்களில் அது ஒன்று. பாதுகாப்பில்லாத பட்டறையில் அதை உடைத்து உருக்கினால் சுற்றுப்பட்டுக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறுகிறது. வட்டம் முழுமையாக இருக்கும், குழந்தை நோயாளியாகிவிடும்.

சட்டங்களும் இப்போது மேல்படிக்கு ஏறப் பார்க்கின்றன. பிரான்ஸ் 2021இல் போன், லேப்டாப், வாஷிங் மெஷின் போன்றவற்றுக்கு எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் காட்டச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 விதி, ஒவ்வொரு பொருளுக்கும் எதனால் ஆனது, எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் டிஜிட்டல் பாஸ்போர்ட்டை நோக்கிப் போகிறது. மின்வாகன பேட்டரிகளுக்கு, வேறொரு விதிப்படி, அது 2027 பிப்ரவரியில் தொடங்குகிறது, துணியும் வரிசையில் நிற்கிறது. திருப்பூர் பனியனுக்கு அந்த வாசல் வழியாகத்தான் இனி நுழைவு. சின்னப் பட்டறைகள் இந்தத் தகவலை எப்படித் திரட்டும் என்பது நம் கல்லூரிகள் உடனே எடுக்கவேண்டிய ஆய்வு. இந்தியாவிலும் போன், மின்னணுப் பொருட்களுக்குப் பழுதுபார்ப்புக் குறியீடு வேண்டும் என்று அரசு அமைத்த குழு 2025இல் அறிக்கை தந்திருக்கிறது. இது மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் வரவேண்டும் என்பது என் ஆசை. நம் சமையலறையில் அதிகம் உழைப்பது அவைதான்.

காலிப் பாட்டிலுக்கு 10 ரூபாய் என்ற டாஸ்மாக் திட்டத்தை 2022இல் நீலகிரியில் தொடங்க வைத்தது, உடைந்த கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கிறது என்ற கவலையோடு வந்த உயர் நீதிமன்ற உத்தரவு. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. அறிவுரைக்கு அசையாத பழக்கம் 10 ரூபாய்க்கு அசைந்ததை நுகர்வு ஆய்வாளர்கள் கவனமாகப் படிக்கவேண்டும்.

இவ்வளவுக்கும் அடியில் ஒரு தரவு கிடைக்காமல் எல்லாரும் தவிக்கிறார்கள்: ஒரு பொருள் உண்மையில் எத்தனை வருடம் உழைக்கிறது? ஜப்பானில் வண்டி, கருவி, கட்டடம் ஆகியவற்றின் ஆயுளுக்கென்றே தரவுத்தளம் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு கழிவு எந்த வருடம் வரும், பழுதுபார்த்தால் எவ்வளவு மிச்சமாகும் என்ற கணக்குக்கெல்லாம் அடிப்படை அந்த ஆயுள்தான். நம்மூர் மிக்ஸிக்கு வேறு நாட்டு ஆயுளைப் போட்டுக் கணக்குப் பார்த்தால், கார்பன் மாற்றி கப்ளர் மாற்றி 11 வருடம் ஓடியது எந்தக் கணக்கிலும் ஏறாது.

மிக்ஸியை வாங்கிக்கொண்டு கிளம்பும்போதுதான் அதைக் கவனித்தேன். கடைக்காரர் கோடு போட்ட நீள நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்: தேதி, பெயர், கம்பெனி, என்ன சாமான் போனது, என்ன மாற்றினார், எவ்வளவு வாங்கினார். எத்தனை வருடமாக எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். கடை போட்ட நாளிலிருந்து, 22 வருடமாக என்றார். அதே மிக்ஸி திரும்ப வந்தால் போன தடவை என்ன செய்தோம் என்று பார்ப்பதற்காம்.

“பழைய நோட்டெல்லாம் இருக்காண்ணா?”

“எங்கம்மா வைக்கிறது? போகிக்கு முன்னாடி பேப்பர் கடையில எடைக்குப் போட்டுடுவேன்.”

இந்த வருட நோட்டை மட்டும் போடாமல் வைத்திருக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.